ஆறாவது கியரின் கணக்கு

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில் கியர் ஐந்துதான். டாப் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 3,200 சுற்றைத் தாண்டிச் சுழன்றுகொண்டிருக்கும். துணிக்கூரை போட்ட, ஒரு டன் எடைகூட இல்லாத சிறிய கார் அது. வளைந்து நெளியும் மலைப்பாதையில் அந்தச் சத்தம் சங்கீதம். நேரான நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் கேட்டால் தலைவலி.

இரண்டாம் தலைமுறையில் ஆறு கியர் கொண்ட பெட்டி வந்தது. பழைய காரின் எஞ்சினுக்குப் பின்னால் அது கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். பழைய கார் வைத்திருப்பவருக்கு ஆசை வருவது இயல்பு. கழித்துப்போட்ட வண்டியிலிருந்து ஒரு பெட்டியை வாங்கி, சனி ஞாயிறு முழுக்கக் காருக்கடியில் படுத்துக் கிடந்து மாட்டுகிறார். திங்கட்கிழமை நெடுஞ்சாலையில் ஏறி ஆறாவதைப் போட்டுப் பார்க்கிறார். முள் 3,300-ஐத் தாண்டி நிற்கிறது. ஒரு கியர் கூடியிருக்கிறது, எஞ்சினோ முன்பைவிட வேகமாகச் சுழல்கிறது.

அவர் எதையும் தவறாக மாட்டிவிடவில்லை. கணக்கே அப்படித்தான். இந்தக் கார் குடும்பத்தில் உதிரி பாகங்களைத் தலைமுறை விட்டுத் தலைமுறை மாற்றிப் போடுவதைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு கவனித்து வருகிறேன். போல்ட் துளைகள் பொருந்துகின்றனவா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பது.

எம்எக்ஸ்-5 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் வேறு எதுவும் இவ்வளவு விற்றதில்லை. நான்கு தலைமுறைகளையும் ரசிகர்கள் என்ஏ, என்பி, என்சி, என்டி என்று இரண்டெழுத்தில் அழைக்கிறார்கள். என்ஏ 1989-இல், என்பி 1998-இல், என்சி 2005-இல், என்டி 2015-இல் வந்தன. எஞ்சின் முன்னால், இயக்கம் பின்சக்கரங்களுக்கு என்ற அமைப்பு நான்கிலும் மாறவில்லை. என்ஏ-வும் என்பி-யும் உடன்பிறந்தவர்கள் மாதிரி. ஒருவர் சட்டை மற்றவருக்குச் சரியாக இருக்கும். என்சி-யிலிருந்து உடம்பே வேறு.

ஆறாவது கியருக்கு வருவோம். எஞ்சினின் சுழற்சி சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடங்களில் வேகம் மாறுகிறது. முதலாவது கியர்பாக்ஸ். இரண்டாவது பின்பக்க டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் வீல், பினியன் ஜோடி. முதலாவது ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. இரண்டாவதைத் தொழிற்சாலை ஒரே எண்ணாகத் தீர்மானித்துவிடுகிறது. 1.6 லிட்டர் என்ஏ-வில் அந்த எண் 4.3. பினியன் 43 சுற்று சுற்றினால் கிரவுன் வீல் 10 சுற்று சுற்றும்.

ஐந்து கியர் பெட்டியின் விகிதங்கள் 3.136, 1.888, 1.330, 1.000, 0.814. ஆறு கியர் பெட்டியின் விகிதங்கள் 3.760, 2.269, 1.645, 1.257, 1.000, 0.843. இரண்டு வரிசைகளின் கடைசி எண்களை மட்டும் பாருங்கள். பழைய ஐந்தாவது கியர் 0.814, புதிய ஆறாவது 0.843. ஆறாவதுதான் அதிகச் சுழற்சி கேட்கிறது. கூடுதலாக வந்த கியரை வடிவமைப்பாளர்கள் மேலே ஒட்டவில்லை, உள்ளே செருகியிருக்கிறார்கள். முதல் கியரை இன்னும் கீழே இறக்கி, நடுவில் உள்ளவற்றை நெருக்கமாக அடுக்கியிருக்கிறார்கள்.

என்ஏ-வின் 185/60 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.81 மீட்டர் உருளும். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 918 முறை சுழல வேண்டும். அதை 4.3-ஆல் பெருக்கி, 0.814-ஆல் பெருக்கினால் 3,215. கடைசி எண்ணுக்குப் பதில் 0.843 போட்டால் 3,330. நண்பர்களிடம் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கிறேன். முதலில் நம்பமாட்டார்கள். கால்குலேட்டரை எடுத்துத் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்ப்பார்கள்.

கீழ் முனையிலும் தொந்தரவு உண்டு. பழைய பெட்டியின் முதல் கியரில் 6,500 சுற்றில் கார் மணிக்கு 52 கிலோமீட்டர் எட்டும். 4.3-ஐ வைத்துக்கொண்டே ஆறு கியர் பெட்டியைப் போட்டால் 44-இலேயே செகண்ட் கியருக்கு மாற வேண்டும். சிக்னலில் பச்சை விழுந்து சந்திப்பைக் கடப்பதற்குள் கை கியர்க் குச்சிக்குப் போய்விடும்.

மாஸ்டாவின் பொறியாளர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். அதனால்தான் ஆறு கியர் பெட்டி வைத்த என்பி கார்களில் 3.909, 3.636 போன்ற எண் குறைந்த விகித டிஃபரன்ஷியல்களையும் சேர்த்துப் போட்டார்கள். 3.760-ஐ 3.636-ஆல் பெருக்கினால் 13.67. பழைய காரின் 3.136-ஐ 4.3-ஆல் பெருக்கினால் 13.48. முதல் கியரின் இழுவை கிட்டத்தட்ட அதே இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. மேலே ஆறாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 2,815 சுற்று போதும். நெடுஞ்சாலை நிம்மதி தேடியவருக்குத் தேவைப்பட்டது இந்த ஜோடி. ஜோடியில் ஒன்றை மட்டும் வாங்கி வந்ததுதான் பிசகு. இன்னும் சொன்னால், சத்தம் குறைவதுதான் நோக்கம் என்றால் அவர் பெட்டியைத் தொட்டிருக்கவே வேண்டாம். பழைய ஐந்து கியரோடு 3.909 டிஃபரன்ஷியலை மட்டும் போட்டிருந்தால் 2,920 சுற்றுக்கு வந்திருக்கும்.

ஆறு கியர் பெட்டியைக் குறை சொல்லுவதாக நினைக்கக் கூடாது. ஐசின் நிறுவனத்தின் அருமையான பெட்டி அது. டொயோட்டா அல்டெஸாவிலும் நிசான் சில்வியா எஸ்15-இலும் அதே வகைதான். டர்போ பொருத்துபவர்கள் அதைத் தேடி வாங்குவது அதன் வலுவுக்காக. பந்தயத் தடத்தில் நெருக்கமான கியர்கள் எஞ்சினை அதன் உச்ச சக்தியின் பக்கத்திலேயே வைத்திருக்கும். நெடுஞ்சாலை அமைதிக்கு மட்டும் அது தனியாக மருந்தாகாது.

இனி காரின் பின்பக்கம். முதல் என்ஏ கார்களின் 1.6 லிட்டர் எஞ்சின் 1994 மாடலில் 1.8 லிட்டர் ஆனபோது, டிஃபரன்ஷியலின் கிரவுன் வீல் 6 அங்குலத்திலிருந்து 7 அங்குலமானது. ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். அந்தப் பற்களின் நிலையில் இருந்து பார்த்தால் வேறு கதை. 1.6 எஞ்சினின் உச்ச முறுக்குவிசை சுமார் 136 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை 3.136 மடங்காக்குகிறது, பினியன் மேலும் 4.3 மடங்காக்குகிறது. கிரவுன் வீலுக்கு வந்து சேரும்போது அது 1,800 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். 6 அங்குல வட்டத்தின் விளிம்பில் அதைத் தாங்கும் பற்களின் மேல் ஏறத்தாழ 24,000 நியூட்டன், அதாவது 2,400 கிலோவுக்கு மேல் எடை வைத்ததற்குச் சமமான அழுத்தம். ஒரே சமயத்தில் அதைச் சுமப்பது ஓரிரண்டு பற்கள்தான். வட்டம் 7 அங்குலமானால் அதே முறுக்கு 2,100 கிலோவாகக் குறைகிறது. பல்லும் தடிக்கிறது, பேரிங்கும் பெரிதாகிறது. கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் கணநேரத்துக்கு இந்த எண்கள் எல்லாம் இன்னும் மேலே போகும். டர்போ மாட்டிய 1.6 கார்களில் 6 அங்குல டிஃபரன்ஷியல் உடைவது சகஜமான செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன் மெல்பர்ன் புறநகரில் நண்பர் ஒருவர் தன் 1991 காருக்கு 7 அங்குல டிஃபரன்ஷியல் போட்டபோது கூடவே இருந்தேன். கார் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்க, நாங்கள் இருவரும் அட்டைப்பெட்டியை விரித்து அதன் மேல் படுத்திருந்தோம். கீழிருந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது ஒரு நீண்ட அலுமினியச் சட்டம். கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலின் மூக்கையும் இறுகக் கோத்து நிற்கிறது. பவர்பிளான்ட் ஃபிரேம் என்று பெயர். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் இதனால் ஒரே விறைப்பான உடம்பாகிவிடுகின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொள்ளாமல், மிதித்த அந்தக் கணமே சக்கரம் பதில் சொல்லும். இந்தக் காரை ஓட்டியவர்கள் எல்லோரும் புகழும் அந்த உடனடி உணர்வில் பாதி இந்தச் சட்டத்துக்குச் சொந்தம் என்பது என் கருத்து.

மாற்றிப் போடுபவருக்கு அது இன்னொரு உதவியும் செய்கிறது. பெரிய டிஃபரன்ஷியல் அதே சட்டத்தில், உடலின் அதே தாங்கிகளில் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. டிஃபரன்ஷியலின் மூக்கில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிணைக்கும் வட்டத் தட்டு புதியதில் பெரிது. பழைய ஷாஃப்ட்டின் நான்கு துளைகளும் அதில் சேராது. இருபுறமும் ஆக்சில் ஷாஃப்ட்டுகள் நுழையும் முனையும் வேறு. ஆகவே டிஃபரன்ஷியல், புரொப்பல்லர் ஷாஃப்ட், இரண்டு ஆக்சில்கள் என நான்கும் ஒரே 1.8 காரிலிருந்து சேர்ந்தே வர வேண்டும். நல்லவேளையாக ஆக்சிலின் மறுமுனை, சக்கரத்தின் பக்கம், இரண்டு கார்களிலும் ஒன்றுதான். சங்கிலி அங்கே அறுந்து நிற்பதால்தான் இந்த மாற்றம் வீட்டுக் கராஜில் சாத்தியமாகிறது.

பழைய பாகக் கிடங்கில் கிடக்கும் டிஃபரன்ஷியலின் விகிதம் 4.1-ஆ, 4.3-ஆ என்று எப்படி அறிவது? நண்பர் செய்ததைப் பார்த்தேன். உள்ளே நுழையும் தட்டின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு, வெளியே வரும் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கோடு. தட்டைக் கையால் திருப்பிக்கொண்டே எண்ண வேண்டும். வெளிமுனைகள் இரண்டும் தலா பத்துச் சுற்று முடிக்கும்போது கை 41 தடவை சுற்றியிருந்தது. ஒரே ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டால் 4.1-க்கும் 4.3-க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. பத்துச் சுற்று வரை பொறுமை வேண்டும்.

முழு டிஃபரன்ஷியலையும் மாற்றாமல், கூட்டுக்குள் கிரவுன் வீலையும் பினியனையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், அது வேறு தரத்து வேலை. பினியனின் அச்சு கிரவுன் வீலின் நடுவுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அதனால் பற்கள் உருளுவதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. இந்த வழுக்கலைத் தாங்கத்தான் டிஃபரன்ஷியலுக்கென்று கந்தகச் சேர்மங்கள் கலந்த, மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள தனி ஆயில். ஜோடி இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கியிருப்பார்கள். ஒரு ஜோடியின் பினியனை இன்னொரு ஜோடியின் கிரவுனோடு சேர்த்தால் ஊளையிடும். புதிய ஜோடியைப் பொருத்தும்போது பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். பசை விலகிய தடம் பல்லின் நடுவே நீள்வட்டமாக விழுந்தால் சரி. நுனிக்கோ அடிக்கோ ஒதுங்கினால், பினியனுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய வளையத்தைக் கழற்றி, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தடிமன் கூட்டியோ குறைத்தோ, திரும்ப முதலிலிருந்து. பொறுமைசாலிகளின் வேலை. மற்றவர்கள் முழுக் கூடாக வாங்கிப் போடுவதே மேல்.

7 அங்குலக் கூட்டுக்குள் இன்னொரு புதையலும் இருக்கக்கூடும். 1.6 கார்களில் கூடுதல் விலைக்குக் கிடைத்த வழுக்கல்-தடுப்பு டிஃபரன்ஷியல் பிசுபிசுப்பான சிலிகான் திரவத்தை நம்பியது. ஒரு சக்கரம் வீணாகச் சுழன்றால் திரவம் அதைப் பிடித்திழுக்கும். திரவத்துக்கு வயதானால் பிடியும் தளரும். 1994 மாடல் முதல் அதன் இடத்தில் டார்சன் வந்தது. வெர்னன் கிளீஸ்மன் என்ற அமெரிக்கர் 1958-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. உள்ளே இருப்பது பல்லும் பல்லும் மட்டும்தான். புழுப்பல்லால் சக்கரப்பல்லைச் சுழற்றுவது எளிது, திருப்பிச் சுழற்றுவது கடினம் என்ற பழைய உண்மையை வைத்தே பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதிக விசையை அது அனுப்பிவிடுகிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைச் சற்று முன்னதாகவே மிதிக்கலாம். எனக்குத் தெரிந்த பலர் இந்த மாற்றத்தையே முதலில் செய்யச் சொல்லுவார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

எஞ்சின் மாற்றத்தை இவ்வளவு விரிக்கத் தேவையில்லை. இரும்பு வேலை சுலபம், கம்பி வேலை கடினம், அவ்வளவே. 1.6-இன் சிலிண்டர் குறுக்களவு 78 மில்லிமீட்டர், 1.8-இன் குறுக்களவு 83. இரண்டும் ஒரே எஞ்சின் குடும்பம் என்பதால் பழைய கியர்பாக்ஸ் புதிய எஞ்சினில் நேராகப் பூட்டும். கிளட்ச் மட்டும் 200 மில்லிமீட்டரிலிருந்து 215-க்குப் போகிறது. சிக்கல் தொடங்குவது காற்றை அளப்பதில். 1.6 கார் உள்ளே வரும் காற்றை ஒரு தகட்டுக் கதவு எவ்வளவு திறக்கிறது என்று பார்த்து அளக்கிறது. அந்தக் கதவுக்கென எழுதிய எரிபொருள் கணக்கு பெரிய எஞ்சினுக்குச் செல்லாது. 2001 மாடல் என்பி-க்கு வந்த எஞ்சினில் வால்வு திறக்கும் நேரத்தை ஓடும்போதே மாற்றும் ஏற்பாடு வேறு உண்டு. என்ஏ-வின் கட்டுப்பாட்டுக் கணினி அப்படி ஒன்று இருப்பதையே அறியாது. புதிதாக நிரல் எழுதக்கூடிய கணினியை வாங்கி, சென்சார்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கும்.

என்சி-யில் கதை திரும்புகிறது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரோடு பல பாகங்களைப் பகிர்ந்து வளர்ந்த கார் அது. சக்கரத்துக்கு நான்கு நட் இருந்த இடத்தில் ஐந்து நட் வந்தது. முந்தைய இரண்டு தலைமுறைகளோடு கொடுக்கல் வாங்கல் நின்றுபோனது. ஆனால் பக்கத்து வீட்டு உறவு கிடைத்தது. அதன் 2 லிட்டர் எஞ்சினுக்கு 2.5 லிட்டரில் ஓர் அண்ணன் உண்டு. மாஸ்டா 6 போன்ற முன்சக்கர இயக்கக் குடும்பக் கார்களில் குறுக்கே படுத்து ஓடியது அது. குறுக்களவு 87.5-இலிருந்து 89 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 83.1-இலிருந்து 100. ஒரே குடும்பம் என்பதால் ரசிகர்கள் அதை நீளவாட்டில் திருப்பி என்சி-க்குள் இறக்குகிறார்கள். பந்தயத்தைக் கனவிலும் காணாத ஒரு குடும்பக் காரின் எஞ்சின், கூரை திறந்த காருக்குள் மறுபிறவி எடுக்கிறது.

என்டி-யின் எண்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பு. ஆறு கியர்கள்: 5.087, 2.991, 2.035, 1.594, 1.286, 1.000. டிஃபரன்ஷியல் வெறும் 2.866. கடைசி கியர் 1.000 என்றால் பெட்டியின் நுழைவாயிலும் வெளிவாயிலும் நேராகப் பூட்டிக்கொள்கின்றன; நெடுஞ்சாலையில் பல் வழியாக விசை போவதே இல்லை, உராய்வு இழப்பு குறைகிறது. 205/45 ஆர்17 டயரோடு 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2,470 சுற்றுதான். வேகக் குறைப்பின் பெரும்பங்கை டிஃபரன்ஷியலிடமிருந்து பிடுங்கிக் கியர்பாக்ஸிடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு விலையும் உண்டு. முதல் கியரில் என்ஏ-வின் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுமந்தது சுமார் 426 நியூட்டன் மீட்டர். 2 லிட்டர் என்டி-யின் ஷாஃப்ட் சுமப்பது ஆயிரத்துக்கும் மேல்.

இந்த 2.866-ஐ ஒரு பழைய என்ஏ-வில் மாட்டினால் என்னவாகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஐந்தாவது கியரில் 100 கிலோமீட்டருக்கு 2,140 சுற்று, காதுக்கு இதம். முதல் கியரின் மொத்த விகிதமோ 13.48-இலிருந்து 9-க்கு விழும். பழைய காரின் செகண்ட் கியர்கூட 8.1. ஏறக்குறைய செகண்டிலேயே மேட்டில் வண்டியைக் கிளப்புகிற மாதிரி. கிளட்ச் எரிந்த நாற்றம் தெருமுனை வரை வரும்.

மெல்பர்னில் அன்று வேலை முடிய இரவு ஒன்பதாகிவிட்டது. சட்டத்தின் போல்ட்டுகளை இறுக்குவதற்கு முன் நண்பர் அளவுகோலால் சட்டத்துக்கும் காரின் அடித்தளத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்தார். பணிமனைக் கைநூலில் அதற்கு அளவு சொல்லியிருக்கிறது. சட்டம் தொங்கினாலோ மேலேறினாலோ புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் பிசகி, வேகத்தில் கார் முழுக்க அதிரும். அளவு சரியாக இருந்தது. ஆயில் ஊற்றி, மேல் துளையில் வழியும் வரை காத்திருந்து மூடினோம்.

அதிர்வு இல்லை, ஊளை இல்லை. ஃப்ரீவேயில் ஏறியபோது நண்பர் தன் கைபேசியை என்னிடம் நீட்டி, ஜிபிஎஸ் வேகத்தைப் படிக்கச் சொன்னார். இந்தக் காரில் வேகமானியின் கேபிள் புறப்படுவது கியர்பாக்ஸின் வாலிலிருந்து. சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது என்று அதற்குத் தெரியாது. ஷாஃப்ட்டின் சுற்றை எண்ணி, பின்னால் 4.3 இருக்கிறது என்ற நம்பிக்கையில் முள்ளை நகர்த்துகிறது. பின்னால் இப்போது 4.1. ஷாஃப்ட் முன்பைவிடக் கிட்டத்தட்ட 5 சதவீதம் மெதுவாகச் சுழல்வதால் முள் குறைத்துக் காட்டும். தொழிற்சாலைகள் வேகமானியைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைப்பது வழக்கம் என்பதால் பிழையில் ஒரு பகுதி அதிலேயே கழிந்துபோகும்.

"நூறு," என்றேன்.

அவர் முள்ளைப் பார்த்தார். நூறுக்குச் சற்றுக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. கேபிளின் அடியில் இருக்கும் சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை, பல் எண்ணிக்கை வேறான ஒன்றாக மாற்றினால் சரியாகிவிடும். அதற்கு ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தார். அது வந்து சேரும்வரை வேகமானிக் கண்ணாடியின் மேல், 97-க்கு நேராக, மஞ்சள் டேப்பில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது.